ஐந்து வாட்டில் கேட்காதா?

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்கு உரிமம் வாங்கிய புதியவரிடம் மூத்தவர்கள் பலர் முதலில் சொல்வது இதுதான்: “நூறு வாட் செட்டா வாங்குங்க. அஞ்சு வாட்டில் கூப்பிட்டா யாருக்கும் கேட்காது.” அவ்வளவு பணமில்லாத இளைஞர்கள் உரிமத்தை மடித்து வைத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

‘கேட்காது’ என்பது கணக்குக்கு நிற்காது. 100 வாட்டை 5 வாட்டாகக் குறைத்தால் இழப்பு 13 டெசிபல். சமிக்ஞையின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு புள்ளிக்கு 6 டெசிபல். ஆகவே எஸ்7-இல் கேட்ட குரல் எஸ்5-க்குச் சற்றுக் கீழே இறங்கும், மறைந்துவிடாது. மோர்ஸுக்கு மாறினால் நிலைமை இன்னும் நல்லது. குரலுக்கு 2,400 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸை 240 ஹெர்ட்ஸ் ஃபில்டரில் கேட்கலாம். இரைச்சல் பத்தில் ஒரு பங்காகிறது. அதுவே 10 டெசிபல் லாபம். இயற்பியலுக்காக 1993-இல் நோபல் பெற்ற ஜோ டெய்லர் 2008-இல் வெளியிட்ட விஸ்பர் முறையில், 0.2 வாட் சமிக்ஞைகள் கடல் கடந்து பதிவாகின்றன. அது உரையாடல் ஆகாது என்பது சரியே. ஆனால் அயனி மண்டலம் வழிவிட்டால் எவ்வளவு சிறிய ஆற்றலும் போய்ச் சேரும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

‘விஎச்எஃப் அலைவரிசையில் வாட்தான் எல்லாம்’ என்கிறார்கள். மாடி ஆன்டெனாவுக்கு 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் இழுத்திருப்பவர் 145 மெகாஹெர்ட்ஸில் தன் ஆற்றலில் முக்கால் பங்கைக் கேபிளிலேயே தொலைக்கிறார். அவருடைய 50 வாட்டில் ஆன்டெனாவை எட்டுவது 12 வாட் அளவுதான். நல்ல கேபிளும் மூன்று உறுப்பு யாகி ஆன்டெனாவும் அமைத்தால் பெரிய செட்டின் வேலையைச் சிறியதே செய்துவிடும். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஹாம்சாட் செயற்கைக்கோள் விண்ணிலிருந்து அனுப்பியது சுமார் ஒரு வாட்தான். அதை உலகம் முழுவதும் ஹாம்கள் கேட்டார்கள்.

‘குறைந்த ஆற்றல் செட் விளையாட்டுப் பொருள்’ என்பவர்கள் பிட்எக்ஸ் என்ற செட்டைப் பார்க்கட்டும். ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான், நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே அதை வடிவமைத்தார். சுருள் சுற்ற டொராய்டு வளையம் கிடைக்காத இடத்தில், அதைக் கட்டியவர்கள் தண்ணீர்க் குழாய் வாஷரில் கம்பி சுற்றினார்கள்! ஆற்றல் சுமார் 6 வாட். செட்டைத் தானே கட்டியவருக்கு அதைப் பழுது பார்க்கவும் தெரிகிறது. எனக்கு இதுவே இந்தத் துறையின் உயிர்.

‘பேரிடரில் உதவாது’ என்பதுதான் மிகவும் தவறான வாதம். புயலில் மின்சாரம் போனபின் 100 வாட் செட் அனுப்பும்போது 20 ஆம்பியர் கேட்கும். 7 ஆம்பியர்-மணி பேட்டரி அதற்குத் தாங்காது. அதே பேட்டரியில் ஐந்து வாட் செட் ஒரு நாள் முழுக்க ஓடும். சிறு சோலார் தகடு இருந்தால் மறுநாளும் ஓடும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கோடை இடி இரைச்சலில் 7 மெகாஹெர்ட்ஸில் குரலில் பேச ஐந்து வாட் திணறும். அரிய நிலையம் ஒன்றை நூறு பேர் ஒரே நேரத்தில் கூப்பிடும்போதும் அப்படித்தான். அங்கே கூடுதல் ஆற்றலுக்கு நியாயம் உண்டு. ஆனால் கையில் இருக்கும் பணத்துக்கு எதை முதலில் வாங்குவது என்று புதியவர் கேட்டால், 14 மெகாஹெர்ட்ஸுக்கு 10 மீட்டர் ஆன்டெனாக் கம்பியும் அதை உயரத்தில் கட்ட ஒரு கம்பமும் என்றுதான் சொல்வேன்.