தழும்பு உறங்குவதில்லை



புண் ஆறிவிட்டது என்று நாம் எப்போது சொல்லுகின்றோம்? நீர் வடிதல் நின்று, பொருக்கு உதிர்ந்து, அடியிலே இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல் தெரிந்தவுடன் சொல்லிவிடுகின்றோம். கட்டுத்துணியை மடித்து வைக்கின்றோம். மருத்துவமனைக்குச் செல்வதும் அத்துடன் நின்றுவிடுகின்றது. அடுப்பங்கரையிலே தீப்பட்டவர்களின் இல்லங்களில் பெருந்துன்பம் தொடங்குவது பெரும்பாலும் அந்த நாளில்தான். மூன்று திங்கள் கழிந்து பார்த்தால் முழங்கை மடங்கியபடியே நிற்கும். மோவாய் மார்பை நோக்கி இழுபட்டிருக்கும். "ஆறிய புண் ஏன் இப்படி இழுக்கின்றது, சுவாமி?" என்று பெற்றோர் கலங்குவர்.

ஆழமான காயத்தை உடல் பழைய தோலைக் கொண்டு மூடுவதில்லை. முதல் சில நாட்கள் வீக்கமும் சிவப்புமாய்க் கழியும். பின்னர் நார்களை நெய்யும் உயிரணுக்கள் அங்கே குடியேறிக் கொலாஜன் என்னும் புரதத்தை இழைஇழையாய்ப் பரப்புகின்றன. நல்ல தோலில் அவ்விழைகள் கூடைப்பின்னல்போலக் குறுக்கும் நெடுக்குமாய் அமைந்திருக்கும். எப்பக்கம் இழுத்தாலும் இளகிக் கொடுக்கும். தழும்பிலோ ஒரே போக்காய் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். மூன்று மாத அளவில் அது நல்ல தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எட்டுகின்றது. முழு வலிமையை ஒருபோதும் அடைவதில்லை.

இழுப்பதற்கும் காரணம் உண்டு. நார் நெய்யும் உயிரணுக்களுள் சில, தசையைப்போலச் சுருங்கும் ஆற்றலைப் பெறுகின்றன என்பதை 1971-ஆம் ஆண்டு கப்பியானி என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும் எடுத்துரைத்தனர். காயத்தின் ஓரங்களை ஒன்றுசேர்ப்பதே அவற்றின் வேலை. சிறு காயமானால் வேலை முடிந்ததும் அவை மறைந்துபோகும். பெருந்தீக்காயத்திலோ பல மாதங்கள் தங்கி, மூடிய தோலையும் விடாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன.

இவ்விடத்தில் ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். 1740-இல் ஆன்சன் என்ற ஆங்கிலேயத் தளபதி உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். அவருடைய கப்பலில் போதகராயிருந்த ரிச்சர்டு வால்டர் பெயரால் அப்பயண வரலாறு 1748-இல் வெளிவந்தது. ஸ்கர்வி நோய் மாலுமிகளை வாரிக்கொண்டு போன காலத்தில், கப்பலிலிருந்த முதிய போர்வீரர் ஒருவருக்கு நேர்ந்ததை அந்நூல் கூறுகின்றது. 1690-இல் அயர்லாந்தின் பாயின் ஆற்றங்கரைப் போரிலே அவர் பட்ட காயங்கள், என்றோ ஆறிப்போனவை, ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் ஆறவே ஆறாதவைபோல மீண்டும் திறந்துகொண்டனவாம்! காரணம் பிற்காலத்தில்தான் விளங்கிற்று. கொலாஜனை நெய்ய வைட்டமின் சி வேண்டும். தழும்பிலே பழைய இழை கரைவதும் புதிய இழை சேர்வதும் ஓயாமல் நடந்துகொண்டேயிருக்கின்றன. புதியது சேர வழியில்லாதபோது பழையது மட்டும் கரைந்தது. (கொல்லைப்புறத்துக் கொய்யாவையும் நெல்லியையும் மலிவானவை என்று இகழாதீர்கள்.)

ஆகவே, தழும்பு கல்லாய்ச் சமைந்துபோன பொருளன்று. ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டு வரையிலும், அது வேகமாய்த் தன்னை மாற்றியமைத்துக்கொண்டே இருக்கின்றது. கைக்கு வேலை இருப்பது அந்தக் காலத்தில்தான்.

புண் முழுதும் மூடி, மருத்துவர் அனுமதித்த பின்னரே கை வைக்க வேண்டும். ஆழ்ந்து வெந்த தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் அழிந்துபோவதால் அது காய்ந்து வெடிக்கும். மணம் சேர்க்காத எண்ணெயோ களிம்போ சிறிது தடவிக்கொள்ளலாம். தழும்பை மறையச் செய்யும் தைலம் என்று விளம்பரம் செய்யப்படுபவற்றுக்குப் பணத்தை இறைக்க வேண்டாம். தோல் மெலிதாயிருக்கும் முதல் வாரங்களில் மெதுவாய் வருடினால் போதும். தேய்த்தால் கொப்புளம் எழும். தோல் உறுதிப்பட்டபின் விரல் நுனியால், சிவந்த தழும்பு வெளுக்கும் அளவுக்கு அழுத்தி, சிறுசிறு வட்டமாய்ப் பிசைய வேண்டும். ஒரு வேளைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம். நாளுக்கு இரண்டு மூன்று வேளை. முடிந்ததும் மூட்டை மெல்ல நீட்டி, சற்று நேரம் அப்படியே பிடித்திருக்க வேண்டும். நீர்க்கொப்புளம், சீழ், திறந்த புண் உள்ள இடத்தில் பிசையலாகாது. கையை வெடுக்கென்று இழுத்து நிமிர்த்துகின்றேன் என்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். கிழிந்த இடத்தில் மேலும் தழும்பே வளரும்.

இதனால் தழும்பு மறைந்துவிடுமா? மறையாது. அரிப்பும் வலியும் குறைகின்றன, தோல் இளகுகின்றது என்று ஆய்வுகள் பல காட்டுகின்றன. பிசைதல் ஒன்றினாலேயே இழுபட்ட கழுத்து நிமிரும் என்று அவை சொல்லவில்லை. அணைகட்டை, இறுக்கமான அழுத்த உடை, உடற்பயிற்சி, சிலருக்கு அறுவைச் சிகிச்சை ஆகியவையும் வேண்டியிருக்கும். காயத்தின் எல்லையைத் தாண்டிப் படரும் கீலாய்டு என்னும் தழும்போ வேறு வகை. அதை மருத்துவரிடம் காட்டுவதே முறை.

தீப்புண் மருத்துவர்கள் அடிக்கடி எச்சரிக்கும் செய்தி ஒன்றுண்டு. நோயாளிக்கு எந்த நிலை சுகமோ, அந்த நிலையிலேயே உறுப்பு முடங்கிப்போகும். கழுத்து வெந்த குழந்தைக்குத் தலையணை வைத்தால் வலி குறையும்; தலை முன்னே சாய்ந்த நிலையிலேயே கழுத்து ஒட்டிக்கொள்ளும். அக்குள் வெந்தவர் கையை உடலோடு அணைத்துக்கொண்டால் நோகாது. பின்பு கை உயராது. பெற்ற மனத்தின் இரக்கமே தலையணையைத் தேடி எடுக்கின்றது, பிள்ளை அழுவதைக் கண்டு பயிற்சியையும் நிறுத்திவிடுகின்றது. அப்படி நிறுத்திய வீடுகளை நான் அறிவேன்; அத்தாய்மாரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. அழுகையைத் தாங்க இயலாத தாயிடமே மூன்று வேளையும் அப்பணியை விட்டுவிடாமல், காலையில் தந்தையும் மாலையில் பாட்டியோ அத்தையோ முறைவைத்துச் செய்யட்டும். குளித்து முடித்தவுடன் தோல் இளகியிருக்கும்; அந்நேரம் குழந்தைக்கு நோவும் குறைவு. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளிலேயே, பிசியோதெரபி பயிற்சியாளர் முன்னிலையில் குடும்பத்தில் இருவராவது தம் கையால் செய்து காட்டிப் பழகிக்கொண்டு வாருங்கள்.