படிக்க முடியாத அறிவிப்பு யாருக்கு?



இந்தப் பகுதியில் வழக்கமாக இனிப்புநீர், இரத்த அழுத்தம், பூச்சிமருந்து, பாம்புக்கடி என்று எழுதுவோம். இம்முறை ஓர் அகப்பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். "சுகாதாரப் பகுதியில அகப்பக்கத்துக்கு என்ன வேலை?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். விஷயம் நம் கண்ணைப் பற்றியது.

என் அண்ணன் முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். விடியுமுன்னே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனவர். இப்போது இனிப்புநீர். வருஷத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனைக்குப் போக வேண்டும். சென்ற முறை, தேதி மாறிவிட்டது என்று அவர் கைப்பேசிக்கு ஓர் அறிவிப்பு வந்தது. அது எழுத்தாக வரவில்லை, படமாக வந்தது. இளம்பச்சை நிறத்தின்மேல் சாம்பல் நிற எழுத்து. விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். எழுத்து கரைந்து போனதே தவிர தெரியவில்லை. பழைய தேதியிலேயே பஸ் ஏறிப் போனார். "உங்க தேதி போன வாரமே முடிஞ்சிடுச்சு" என்று திருப்பி அனுப்பினார்கள். மறு தேதி நான்கு மாதம் கழித்து! அதற்குள் இடது கண்ணில் இரத்தம் கசிந்துவிட்டது.

இனிப்புநீர் கண்ணைக் கெடுப்பது ஆரம்பத்தில் வெளியே தெரியாது. வலி இருக்காது, பார்வையும் நன்றாகவே இருக்கும். தெரியும்போது பாதி காரியம் கெட்டிருக்கும். அதனால்தான் வருஷாந்தரப் பரிசோதனை. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்த நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு ஒருவருக்கு இனிப்புநீர். இன வாரியாகப் பார்த்தால் முதலிடம் நமக்குத்தான். ஆக, கண் மங்கியவர்களுக்குப் போகும் அறிவிப்பைக் கண் நன்றாக உள்ளவர் மட்டுமே படிக்க முடிகிற மாதிரி தயாரித்தால், அது யாருக்கு?

அண்ணன் மகள் தொழில்நுட்பக் கல்லூரியில் கணினி படிக்கிறாள். ஐந்து பேர் சேர்ந்து ஓர் அகப்பக்கம் தயாரிக்க வேண்டும் என்று அவர்களுக்கு வேலை கொடுத்தார்கள். இனிப்புநீர் நோயாளிகளுக்கான தகவல், தமிழிலும் மலாயிலும். ஒருவன் வடிவமைப்பை எடுத்துக்கொண்டான், ஒருத்தி படங்களை, மற்ற இருவர் எழுத்தையும் கணக்கையும். இவள், "யார் வேணும்னாலும் பயன்படுத்துற மாதிரி ஆக்குறது என் பொறுப்பு" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். "அதெல்லாம் கடைசியில பார்த்துக்கலாம், அது ஒரு வேலையா?" என்றார்கள்.

அவள் செய்த வேலையைக் கேளுங்கள்.

முதலாவது, எழுத்தின் நிறம். இதற்கு உலக அளவில் ஒரு விதிமுறை இருக்கிறது. 1999-இல் முதலில் வந்தது, 2023-இல் மீண்டும் திருத்தப்பட்டது. சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது அது. இவர்கள் முதலில் போட்ட மங்கல் சாம்பல் அதில் தேறவில்லை. மாற்றினாள். எழுத்தை இரு மடங்கு பெரிதாக்கினாலும் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடியும் செய்தாள்.

இரண்டாவது, படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அது என்ன சொல்கிறது என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தாள். அறிவிப்பு எதையும் படமாகப் போடக்கூடாது, எழுத்தாகத்தான் போட வேண்டும் என்று சண்டை போட்டாள்.

மூன்றாவது, சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் பக்கம் முழுவதும் போய்வர வழி செய்தாள். பக்கவாதம் வந்து கை நடுங்குகிறவர்களுக்குச் சுட்டியைச் சரியான இடத்தில் நிறுத்துவது லேசான காரியமா?

நான்காவது, காணொளிகளுக்குக் கீழே எழுத்து. ஆலை இரைச்சலிலும் புல்வெட்டும் இயந்திரச் சத்தத்திலும் காதை இழந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

பிறகு அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் செயலி ஒன்று இருக்கிறது. பெயர் என்.வி.டி.ஏ. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் தொடங்கியது. இலவசம். தமிழும் படிக்கும். ஆனால் முதலில் தமிழ்ப் பக்கத்தை அது ஆங்கிலக் குரலில் உளறியது. அண்ணன், "என்னம்மா, இது எந்த ஊரு பாஷை?" என்று சிரித்தார். காரணம், 'இந்தப் பக்கம் தமிழ்' என்ற சிறு குறிப்பைப் பக்கத்தின் உள்ளே எழுத யாருக்கும் தோன்றவில்லை. ஒரே ஒரு சொல். அதைச் சேர்த்ததும் தமிழாய்ப் படித்தது.

வேலையைக் காட்டும் நாளில் ஆசிரியர் கேட்டாராம்: "மற்றவர்கள் செய்தது தெரிகிறது. நீ என்ன செய்தாய்?" இவள் பேசவில்லை. திரையை அணைத்துவிட்டுச் செயலியை ஓட விட்டாள். முதலில் செய்த பக்கம் "படம், படம், பொத்தான், பொத்தான்" என்றது. அடுத்து, இவள் கை வைத்த பக்கம். அது பரிசோதனைக்கு முன்பதிவு செய்வது எப்படி என்று தொடக்கத்திலிருந்து முடிவு வரை சொல்லிற்று. அறையே அமைதியாகிவிட்டதாம்.

எனக்கு நம் தோட்டத்து எண்ணெய் தெளிப்பவர் நினைவுக்கு வந்தார். 1901-இல் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானில் வடிகால் வெட்டச் செய்து மலேரியாவைக் குறைத்தார். அதன் பிறகு தோட்டங்களிலும் வடிகாலும் எண்ணெய் தெளிப்பும் வந்தன. முதுகில் டின்னைச் சுமந்து கால்வாய் கால்வாயாகப் போன அந்த மனிதரை யார் புகழ்ந்தார்கள்? வராத காய்ச்சல் யார் கண்ணுக்கும் தெரியாது. தடுக்கிற வேலை எல்லாமே இப்படித்தான். அவள் வேலையும் அந்த ரகம்தான். படிக்க முடிந்தவன் தனக்கு ஒருவர் உதவியதாக நினைப்பதில்லை. படிக்க முடியாதவன்தான் பஸ் கூலி கொடுத்து ஏமாந்து திரும்புகிறான்.

"நம்ம ஆளுங்க யாரு அகப்பக்கம் பார்க்குறாங்க?" என்று சிலர் கேட்கலாம். பார்க்காமல் எங்கே போவது? கோவிட் காலத்தில் 2020-இல் கடைக்குள் நுழையவே கைப்பேசி கேட்டார்களே, மறந்துவிட்டீர்களா? மருத்துவத் தேதி, உதவித்தொகை மனு எல்லாம் கைப்பேசிக்கு வந்துவிட்டன. வாசல் மாறினால் மாறட்டும், ஆனால் எல்லாரும் நுழைகிற வாசலாக இருக்க வேண்டும். 2008-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம், சட்டம் 685, தகவல் பெறும் உரிமையைச் சொல்கிறது. மீறினால் தண்டனை என்று அதில் இல்லை. ஆகவே உரிமையைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம்தான். கேட்டு வாங்குவது தொழிற்சங்கத்துக்குப் புதிதா?

முதலில் நம் வீட்டைச் சரி செய்வோம். நம் கிளைகள் அனுப்பும் கூட்ட அறிவிப்புகளும் பூ, கொடி, வண்ணம் போட்ட படமாகத்தான் வருகின்றன. நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு அஞ்சலை உருவாக்கிக் கணினியில் தமிழ் எழுத வழி செய்தார். எழுத்தாக அனுப்ப வழி இருக்கும்போது படம் எதற்கு? அழகுக்குப் படம் வேண்டுமென்றால் போடுங்கள், ஆனால் நாள், நேரம், இடத்தைக் கீழே எழுத்தாகவும் எழுதுங்கள். குரல் பதிவும் அனுப்பினால் இன்னும் நல்லது.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளே, குழுவில் இந்த வேலை யாரும் கேட்காமல் கிடந்தால் நீங்கள் எடுங்கள். செய்து முடித்ததும் உங்கள் அப்பாவையோ பாட்டியையோ உட்கார வைத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறும் இடத்தில்தான் உங்கள் பிழை இருக்கும். பெற்றோர்களே, "உனக்குச் சின்ன வேலைதான் கொடுத்தாங்களா?" என்று பிள்ளையைக் கேட்டுவிடாதீர்கள்.

இனிப்புநீர் உள்ளவர்கள் இந்த வருஷக் கண் பரிசோதனை முடிந்துவிட்டதா என்று இன்றே அட்டையை எடுத்துப் பாருங்கள். வரும் அறிவிப்பு படிக்க முடியவில்லை என்றால் வெட்கப்படாமல், "தெரியல, எழுத்தா அனுப்புங்க" என்று சொல்லுங்கள். அண்ணனின் வலது கண் இன்னும் நன்றாக இருக்கிறது. அடுத்த தேதியை மகள் எழுத்தாக அனுப்பி வைத்திருக்கிறாள். கறுப்பு எழுத்து, வெள்ளைப் பின்னணி.