மாறும் சுவர்

பெருந்துறையில் என் தங்கை மகன் புது வீடு கட்டியிருக்கிறான். சிப்காட்டில் உத்தியோகம்; கை தாராளம். புதுமனை புகுவிழா அன்று என்னைக் கூடத்துச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.

உள்ளங்கை அகலத்தில் 16 அலுமினியச் சதுரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வளைகோடு. சேர்த்துப் பார்த்தால் கொடி மாதிரி இருந்தது.

"எப்ப வேணும்னாலும் எடுத்து மாத்தி வெச்சுக்கலாமுங்க மாமா. தெனம் ஒரு புதுச் சுவரு!"

அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. ஆகவே சதுரத்தின் முதுகில் காந்தத்தை ஒட்டி, சுவரில் இரும்புத் தகடு ஒன்றை முடுக்கி, அதன்மேல் பதிக்கிறார்கள். மாறும் சுவருக்கு அடியில் மாறாத தகடு!

மூன்று மாதம் கழித்துப் போனேன். அதே கொடி, அதே வரிசை. "ஏம்மா, மாற்றிப் பார்க்கவில்லையா?" என்று மருமகளைக் கேட்டேன்.

"பெட்டி மேல போட்டிருக்கற படந்தானுங் மாமா எடுப்பா இருக்குது."

சரிதான். சுதந்திரத்தை விலை கொடுத்து வாங்கிவிட்டு, பெட்டிப் படத்துக்கு அடிமைச் சீட்டும் எழுதிக் கொடுத்தாயிற்று.

கிழவனுக்குப் புதுசு எதுவும் பிடிக்காது என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. அப்படியில்லை. அந்தச் சுவருக்குப் பொருந்தவில்லை என்று பரணில் ஏற்றிய பொருளைக் கேளுங்கள்: பையனின் தகப்பனார் ஓய்வு பெற்றபோது கிடைத்த தஞ்சாவூர்த் தட்டு. இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில் அரண்மனைக் கைவினைஞர்கள் தொடங்கியதாகச் சொல்லப்படும் வேலை. பித்தளைத் தட்டை ஒருவர் செய்வார், வெள்ளியிலும் செம்பிலும் உருவங்களை இன்னொருவர் புடைத்தெடுப்பார், பதிப்பவர் மூன்றாமவர். அதில் ஓர் இலையைக்கூட நம்மால் நகர்த்த முடியாது. நகரும் என்று அது சொல்லவும் இல்லை.

மாற்றம்தான் வேண்டுமென்றால் அதுவும் அந்த வீட்டிலேயே இருக்கிறது. மருமகள் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறாள். நேற்றைய கோலம் இன்று இல்லை. எத்தனை புள்ளி, எங்கே வளைவு என்று அவள் எந்தப் பெட்டியையும் பார்ப்பதில்லை. அதே கை கூடத்துக்குள் வந்ததும் ஏன் நடுங்க வேண்டும்? வாசலில் இருப்பது நாலு காசு மாவு, சுவரில் இருப்பது ஆயிரக்கணக்கில் விலை என்பதாலா? எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. விலை ஏற ஏறக் கை கட்டிப்போகிறது.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்களுடைய ஐந்து வயதுப் பெண் சோபாவில் ஏறி, எட்டிய நாலு சதுரங்களைப் பிடுங்கித் தலைகீழாக வைத்துவிட்டது. கொடி அறுந்து, நடுவில் மீன் போல ஒன்று வந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது.

"ஏ புள்ள, கை வெக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று முதுகில் ஒன்று வைத்தான் தகப்பன். இரண்டு நிமிஷத்தில் மீன் போய்விட்டது.

அடுத்த முறை போகும்போது குழந்தைக்கு மிட்டாய் வாங்கப் போவதில்லை. நல்ல உயரமான முக்காலி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.