‘சர்ச்சை’ என்றால் சண்டையா, பேச்சா? இடம் மாறிய இரண்டு சொற்கள்

மாணவர்களுடன் பிரதமர் பேசும் நிகழ்ச்சியின் பெயர் ‘பரீக்ஷா பே சர்ச்சா’. 2018-ல் தொடங்கியது. தமிழ்க் காதுக்கு ஏதோ வினாத்தாள் கசிந்த விவகாரம் மாதிரி கேட்கும், இல்லையா? இந்தியில் அதற்கு ‘தேர்வு பற்றிய கலந்துரையாடல்’ என்றுதான் பொருள்.

எங்கிருந்து வந்தது?

‘சர்ச்சா’ சமஸ்கிருதச் சொல். ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்ப யோசிப்பது, ஆராய்வது என்பது அதன் பழைய பொருள். இந்தி, மலையாளம், தெலுங்கு, கன்னடத்தில் இன்றும் அது கலந்தாய்வுதான். தமிழ்ச் செய்திகளில் மட்டும் தகராறு பக்கம் சாய்ந்துவிட்டது.

‘விவாதம்’ கதை அப்படியே உல்டா. சமஸ்கிருதத்தில் அதற்குப் பிணக்கு, வழக்கு என்று பொருள். இந்தியிலும் அதேதான். மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறுகளுக்கான 1956-ம் ஆண்டு சட்டத்தின் இந்திப் பெயரில் ‘ஜல் விவாத்’ என்றே இருக்கிறது. தமிழிலோ விவாதம் என்றால் சட்டமன்றத்தில் நடப்பது, டிவியில் நடப்பது.

ஆக, இந்திச் செய்தியை அவசரமாகத் தமிழாக்கினால் பேச்சு சண்டையாகிவிடும், சண்டை பேச்சாகிவிடும்.

வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கலா?

இல்லை. ‘சர்ச்சைக்குரிய’ என்ற அடைமொழி பல தகவல்களை மறைத்துவிடும். 2020-ல் வந்த மூன்று வேளாண் சட்டங்களை எடுத்துக்கொள்வோம். விளைபொருளை எங்கும் விற்கும் சுதந்திரம் என்றது அரசு. மண்டி முறை பலவீனமாகும் என்று அஞ்சினார்கள் விவசாயிகள். குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் கேட்டார்கள். ‘சர்ச்சைக்குரிய சட்டங்கள்’ என்று மட்டும் எழுதினால் இதில் எதுவுமே வாசகருக்குக் கிடைக்காது.

2021 நவம்பர் 29 அன்று, அந்தச் சட்டங்களை ரத்து செய்யும் மசோதா மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. தமிழ்ப் பொருளில் ‘சர்ச்சை’ ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. முடிவெடுத்த நாளில், இந்திப் பொருளில் ‘சர்ச்சா’ அவையில் நடக்கவில்லை.

வாசகர் என்ன செய்யலாம்?

அடுத்த முறை தலைப்பில் ‘சர்ச்சைப் பேச்சு’ என்று பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்க. யார் எதிர்க்கிறார்கள்? எதற்காக? சொல்லப்பட்டது உண்மையா, பொய்யா? வெறுப்புப் பேச்சும் சர்ச்சைதான், சிலருக்குப் பிடிக்காத உண்மையும் சர்ச்சைதான். இரண்டையும் பிரித்துக் காட்டாத செய்தி பாதிச் செய்திதான்.