கனவில் விளைந்த 1,000 டன் தங்கம்

ஒரு சாமியார் கண்ட கனவுக்காக சர்க்காரே கடப்பாரை தூக்கிக்கொண்டு போன விந்தையை நம் ஜனங்கள் அதற்குள் மறந்திருக்க மாட்டார்கள். 2013-ஆம் வருஷம் அக்டோபர் 18-ந் தேதி, உத்தரப் பிரதேசம் உன்னாவ் ஜில்லா தௌண்டியா கேடா கிராமத்தில் மத்திய சர்க்காரின் தொல்பொருள் இலாகா குழி தோண்ட ஆரம்பித்தது. காரணம் என்ன? 1857 கலகத்துக்காக வெள்ளையர் தூக்கிலிட்ட ராவ் ராம் பக்ஷ் சிங் என்பவர், ஷோபன் சர்க்கார் என்னும் சாமியாரின் கனவில் வந்து, தன் கோட்டைக்கடியில் 1,000 டன் தங்கம் இருப்பதாகச் சொன்னாராம்! ஒரு மத்திய மந்திரி நேரில் போய்ப் பார்த்தார். தோண்டியதில் கிடைத்தவை பானை ஓடும், வளையல் துண்டும், செங்கற்சுவருமே.

தோழர்களே! இதற்குக் கடப்பாரை எதற்கு? ஒரு காகிதமும் பென்சிலும் போதாதா? அந்த வருஷம் இந்தியா தேசம் முழுமைக்கும் பொறுப்பான ரிசர்வ் பாங்கியிடம் இருந்த தங்கமே சுமார் 557 டன். கோலார் சுரங்கத்தில் 1880 முதல் 2001 வரை, நம் தமிழ்க் கூலிகள் தலைமுறை தலைமுறையாக 3 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி, நெஞ்சு நிறையக் கல்தூசியைச் சுவாசித்து எடுத்த மொத்தமே சுமார் 800 டன். அதற்கு மேலான தங்கத்தை ஒரு சின்ன ஊர் ஜமீன்தார் எந்தச் சுரங்கத்திலிருந்து, யாரிடமிருந்து சம்பாதித்தார்? வண்டிக்கு ஒரு டன் ஏற்றினாலும் 1,000 மாட்டுவண்டி போயிருக்க வேண்டுமே, அதை ஒருவரும் பார்க்கவில்லையா? அவரையே தூக்கில் போட்ட வெள்ளையன் கோட்டையைச் சும்மா விட்டுவிட்டுப் போனானா?

"பூதத்துவ இலாகாவின் கருவி உலோகம் இருக்கலாமென்று காட்டியதே" என்பார்கள். கருவி, மண்ணுக்குள் ஏதோ வித்தியாசமிருக்கிறது என்றுதான் காட்டும். அதைத் தங்கமென்று வாசிக்கச் செய்தது சாமியாரின் கனவேயாகும்.

நிற்க. வடநாட்டான் மடமையைக் கண்டு திருப்பூர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம். காங்கயத்துக்குப் பக்கத்திலே சிவன்மலையில், யாரோ ஒரு பக்தர் கனவில் வந்த சாமானைப் பூப்போட்டுக் கேட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூசை செய்கிறார்கள். தங்கத்தை வைத்தால் தங்கம் விலையேறுமாம்! ஏறாத காலம் எது?

நம் பக்கம் புதையலே கிடைத்ததில்லை என்று சொல்ல வரவில்லை. ஊத்துக்குளிப் பக்கம் கத்தாங்கண்ணியில் ரோமானியரின் வெள்ளிக்காசுகள் கிடைத்தன. 1842-இல் கோயமுத்தூரை அடுத்த வெள்ளலூரில் 522 காசுகள் ஒரே பானையில் கிடைத்தன. அவ்வளவும் சேர்ந்து எடை 2 கிலோ சுமார்! நிஜமான புதையலின் லட்சணம் இதுதான். அதுவும் எந்த ராஜாவின் பெருமையாலும் வந்ததல்ல. நொய்யல் கரைக் கொடுமணலில் 1985 முதல் தோண்டியதில் இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணி அறுத்துப் பட்டை தீட்டிய அடையாளங்களும் வந்தன. வேலை செய்தவன் கைச்சரக்கு கடல் கடந்து போயிற்று, காசு வந்தது. இன்றைக்கு பனியன் போகிற மாதிரிதான்.

பனியன் கம்பெனியில் வாரக்கூலி வாங்குகிறவனிடம், "உன் வீட்டு அடுப்படியில் புதையலிருக்கிறது, பூசைக்குப் பணம் கொடு" என்று மை போட்டுப் பார்க்கிறவன் வந்தால் ஒன்று செய்யுங்கள். 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் அகப்பட்டால் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டுமென்று 1878-ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. "தோண்டும்போது கலெக்டர் கூட இருக்கட்டும், மனுவில் முதல் கையெழுத்து நீ போடு" என்று பேனாவை அவன் கையில் கொடுத்துப் பாருங்கள்.