கட்டிலடியில் சார்ஜ் ஏறும் விமான பேட்டரி

ஃபோம் போர்டு, ஒரு சிறிய மோட்டார், நாலு சர்வோ, ஒரு லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி இருந்தால் போதும், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் ரிமோட்டில் பறக்கும் விமானத்தைத் தன் கையாலேயே செய்துவிடுவார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழு 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. அந்தக் குழுவுக்கு நடிகர் அஜித்குமார் ஆலோசகராகவும் இருந்தார். அதன் பிறகு இந்த ஆர்வம் சென்னையைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கிறது, போகவும் வேண்டும். பறக்கவிடுவதற்கு 2021 ட்ரோன் விதிகள் இருக்கின்றன. எடைப்படி வகை, பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்கள், பச்சை மண்டலத்தில் 400 அடி உயர வரம்பு என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த விமானத்தோடு பழகும் நேரத்தில் மிக ஆபத்தான பொழுது மைதானத்தில் கழிவதில்லை. பறக்கவிடும் நாளுக்கு முந்தைய இரவு, விடுதி அறையில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிய சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும்போது கழிகிறது. ஆட்கள் தூங்கும் அறையில் இந்த பேட்டரிகளுக்குச் சார்ஜ் போடுவது நிற்க வேண்டும். அதை நிறுத்தும் பொறுப்பு மாணவருடையதைவிடக் கல்லூரியுடையது. மாற்று இடத்தைக் கல்லூரி கொடுக்காதவரை எந்தச் சுற்றறிக்கையாலும் இது நிற்காது.

எல்லோர் சட்டைப் பையிலும் லித்தியம் பேட்டரி இருக்கிறதே, இதற்கு மட்டும் ஏன் இத்தனை பயம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆற்றலை மட்டும் பார்த்தால் வித்தியாசம் பெரிதில்லை. 5,000 மில்லி ஆம்பியர் மணி கைபேசி பேட்டரியில் ஏறக்குறைய 19 வாட் மணி ஆற்றல் இருக்கும். மாதிரி விமானங்களில் சாதாரணமாகப் போடும் 3எஸ் 2,200 பேக்கில், அதாவது 3.7 வோல்ட் செல் மூன்றைத் தொடராகக் கோத்த பேக்கில், 24 வாட் மணி சொச்சம். வித்தியாசம் காவலில் இருக்கிறது. கைபேசி பேட்டரிக்கு உள்ளேயே ஒரு காவல் சர்க்யூட் உண்டு. வோல்டேஜ் எல்லை மீறினாலோ மின்சாரம் அளவுக்கு மேல் ஓடினாலோ அது இணைப்பைத் துண்டித்துவிடும். நாம் தூங்கினாலும் அது விழித்திருக்கும். விமானப் பேக்கில் அது கிடையாது. கைபேசி ஓரிரு ஆம்பியரில் ஓடும். விமான மோட்டாரோ முழு வேகத்தில் 30, 40 ஆம்பியர் கேட்கும். அவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் காவல் சர்க்யூட் எடை கூட்டும், சூடேறும். நடுவானில் அது திடீரென்று துண்டித்தால் விமானம் தலைகீழாக விழும். அதனால் அலுமினியத் தாள் உறையில் செல்களை அடுக்கி, சுருங்கு உறை போட்டு, வெற்றாகவே விற்கிறார்கள். அந்தக் காவல் வேலை சார்ஜருக்கும், சார்ஜரின் பொத்தானை அழுத்தும் ஆளுக்கும் வந்து சேர்கிறது.

பேக்கிலிருந்து இரண்டு இணைப்புகள் வெளியே வரும். ஒன்று தடித்த சிவப்பு, கறுப்பு வயர்களோடு மஞ்சள் பிளக். முழு மின்சாரமும் அதன் வழியாகத்தான். மற்றொன்று நாலு மெல்லிய வயர்கள் சேரும் சின்ன வெள்ளை பிளக். அதைப் பேலன்ஸ் வயர் என்பார்கள். ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் சார்ஜர் தனித்தனியாகப் பார்ப்பது அதன் வழியாகத்தான். ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மூன்று செல் என்றால் மொத்தம் 12.6. அவசரத்தில் வெள்ளை பிளக்கைச் செருகாமல் தடித்த வயரில் மட்டும் சார்ஜ் போட்டால், சார்ஜரின் கண்ணுக்கு மொத்தக் கணக்கு மட்டுமே தெரியும். இரண்டு செல் 4.05-இலும், களைத்துப் போன மூன்றாவது செல் 4.5-இலும் நின்றாலும் மொத்தம் 12.6 தான். திரையில் எல்லாம் சரியாக இருக்கும். உள்ளே ஒரு செல் எல்லை மீறிப் போய்க்கொண்டிருக்கும்.

பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகள் இவ்வளவு கோபக்காரர்கள் இல்லை. கொஞ்சம் கூடுதலாக ஏற்றினால் உள்ளே உண்டாகும் ஆக்சிஜன் அங்கேயே மறுபடி சேர்ந்துகொள்ளும். மிச்சம் வெறும் சூடாகப் போய்விடும். லித்தியத்தில் அப்படி ஒரு வடிகால் இல்லை. கூடுதலாக ஏறும் மின்சாரம் எதிர்மின் தகட்டின் மேல் லித்தியத்தை உலோகமாகப் படியவைக்கிறது. நேர்மின் தகட்டின் பொருளைச் சிதைக்கிறது. இடையிலிருக்கும் கரைப்பான் உடைந்து வாயுவாகிறது. பேக் தலையணை போல உப்புவது அந்த வாயுவால்தான். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் நல்ல பேக் மரக்கட்டை போல இருக்கும். கெட்டது மெத்தென்று உள்வாங்கும். உறையில் பொத்தல் விழுந்திருந்தால் நெயில் பாலிஷ் போல ஓர் இனிப்பு வாடை வரும். இதற்கு மேலும் சூடேறினால் ஒரு கட்டத்தில் சூடே சூட்டை வளர்க்கத் தொடங்கும். பிறகு பிளக்கைப் பிடுங்கினாலும் பயன் இல்லை. சிதையும் தகடே ஆக்சிஜன் தருவதால் மூடி அணைக்கவும் முடியாது. புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், கதவைத் தாழிட்டுத் தூங்கும் மூன்று பேருக்கு அந்தப் புகை தீயைவிட முன்னால் வந்துவிடும்.

2022 மார்ச்சில் வேலூரில் நடந்தது நமக்கு மறந்திருக்காது. இரவு சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். பேட்டரிக் கோளாறா, வீட்டு மின் இணைப்பா என்ற பேச்சு அப்போது எழுந்தது. எதுவாக இருந்தாலும், அவர்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. நியூயார்க் நகரத்தில் 2023-இல் மட்டும் லித்தியம் பேட்டரித் தீ விபத்துகள் 268. இறந்தவர்கள் 18 பேர். அவற்றில் பெரும்பங்கு மின்சார சைக்கிள், ஸ்கூட்டர் பேட்டரிகளால் வந்தவை. அந்த நகரம் தரச்சான்று இல்லாத வண்டிகளின் விற்பனைக்குத் தடை போட்டது, அதோடு நிற்கவில்லை. 2024-இல் உணவு கொண்டுபோகும் தொழிலாளர்கள் பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் தெருவிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளும் பொது இடங்களைச் சோதனையாகத் திறந்தது. பிழைப்புக்கு பேட்டரி வேண்டியவரிடம் ‘வீட்டில் போடாதே’ என்று மட்டும் சொன்னால், வேறு எங்கே போடுவார் என்று அங்கே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

விமானத் துறையும் இதைப் பட்டுத்தான் கற்றது. 2013 ஜனவரியில் பாஸ்டன் விமான நிலையத்தில் நின்றிருந்த போயிங் 787 ஒன்றில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. பத்து நாளுக்குள் ஜப்பானில் இன்னொரு 787, பேட்டரி புகைந்ததால் அவசரமாகத் தரையிறங்கியது. உலகெங்கும் அந்த ரக விமானங்கள் நிறுத்தப்பட்டன. செய்த மாற்றங்களில் முக்கியமானது, பேட்டரியை எஃகுப் பெட்டிக்குள் வைத்து, புகையைக் குழாய் வழியே விமானத்துக்கு வெளியே தள்ளியது. மறுபடி கெட்டாலும் ஆள் இருக்கும் பக்கம் வரக் கூடாது என்பதே அந்த ஏற்பாடு. அதேபோல 2016 ஏப்ரல் 1 முதல், தனி லித்தியம் அயனி பேட்டரிகள் பயணிகள் விமானத்தில் சரக்காகப் போகக் கூடாது, சரக்கு விமானத்தில் போனாலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்று சர்வதேச விதி வந்தது. முழுக்க நிரம்பிய பேட்டரியின் ஆத்திரம் பெரிது. அதனால்தான் நல்ல சார்ஜர்களில் ‘ஸ்டோரேஜ்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அது ஒவ்வொரு செல்லையும் 3.8 வோல்ட் அருகே கொண்டுவந்து நிறுத்தும். பறக்காத வாரங்களில் பேக் அந்த நிலையில்தான் இருக்க வேண்டும்.

இப்போதைய சார்ஜர்கள் புத்திசாலிகள், தவறு செய்தால் அவையே எச்சரிக்கும் என்பது அடுத்த மறுப்பு. பாதி உண்மை. செல் எண்ணிக்கை பொருந்தாவிட்டால் நல்ல சார்ஜர் மறுத்துவிடும். ஆனால் சாதாரண லிப்போவுக்கு எல்லை 4.2 வோல்ட், ‘எச்.வி.’ என்று வரும் ரகத்துக்கு 4.35. இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். சாதாரணப் பேக்கை மாட்டிவிட்டு எச்.வி. என்று தேர்ந்தெடுத்தால் சார்ஜருக்குக் கண்டுபிடிக்க வழியில்லை. சொன்ன வேலையைச் செவ்வனே செய்து முடிக்கும். நேற்று மூக்கு குத்தி விழுந்த விமானத்தின் பேக்கில் ஓரம் நசுங்கியிருப்பதும் அதற்குத் தெரியாது. அதைக் கண்ணும் விரலும்தான் பார்க்க வேண்டும். தீ தாங்கும் பை வாங்கி வைத்திருக்கிறோம் என்பார்கள். வாங்கட்டும், நல்லதுதான். அது ஜுவாலையைக் கொஞ்சம் அடக்கும், புகையை அடக்காது.

இப்படி நடப்பது அபூர்வம் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஒழுங்காகக் கையாண்டால் இந்தப் பேக்குகள் நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் ஏறிப் பறக்கும். ஆனால் இங்கே பணயம் வைத்திருப்பது ஒரு ஃபோம் விமானத்தை இல்லை, மாடியில் தூங்கும் அத்தனை பிள்ளைகளை. அமெரிக்காவின் அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ் போன்ற பழைய அமைப்புகள்கூட ஆள் பார்வை இல்லாமல் லிப்போவுக்குச் சார்ஜ் போடாதீர்கள் என்றே சொல்கின்றன. அவர்கள் இந்தப் பொழுதுபோக்கை நேசிப்பவர்கள். பயமுறுத்தி விரட்டுபவர்கள் இல்லை.

என்னை அதிகம் யோசிக்கவைப்பது வேறொரு மறுப்பு: இப்படி எழுதினால் நாளையே ஏதாவது ஒரு நிர்வாகம் விடுதியில் பேட்டரியே கூடாது என்று நோட்டீஸ் ஒட்டும், குழுவே கலைந்துவிடும். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. நம் நிறுவனங்களுக்குக் கை பழகிய வேலை தடைதான். இன்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் எல்லாம் தடை போட்ட பிறகு எங்கே போயின என்பது எந்த வார்டனுக்கும் தெரியும். பேட்டரியும் அப்படியே கட்டிலடிக்கு, துணிகளுக்கு நடுவே, இன்னும் மோசமான இடத்துக்குப் போகும். மாணவர் ஏன் இரவில் சார்ஜ் போடுகிறார் என்று பார்த்தால் விடை எளிது. ஒரு பேக் எட்டு, பத்து நிமிடம்தான் விமானத்தைப் பறக்கவைக்கும். அரைநாள் பயிற்சிக்கு எட்டுப் பேக்காவது வேண்டும். பாதுகாப்பான வேகத்தில், அதாவது 2,200 பேக்குக்கு 2.2 ஆம்பியரில், ஒன்று நிரம்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கையில் இருப்பது ஒரே சார்ஜர் என்றால் எட்டுப் பேக்குக்கு ஓர் இரவே போகும். அலட்சியம் என்று நாம் பெயர் வைப்பதில் பாதி, சார்ஜர் பற்றாக்குறை. நாலு பேக்கை ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கவனிக்கும் சார்ஜர் இரண்டைக் கல்லூரி வாங்கிக் கொடுத்தால் அந்த எட்டும் மாலை ஐந்து மணிக்கு ஏறி, ஏழு மணிக்குள் இறங்கிவிடும்.

இடமும் பெரிதாக வேண்டாம். பட்டறைக்குப் பக்கத்தில் சிமென்ட் தரையும் கடப்பா மேடையும் உள்ள, இரண்டு பக்கம் ஜன்னல் திறக்கும் சிறிய அறை. மரப் பலகை, அட்டைப் பெட்டி, திரைச்சீலை எதுவும் அங்கே இருக்கக் கூடாது. புகை உணரும் கருவி ஒன்று. பெட்ரோல் பங்க்கில் தொங்குமே, அதுபோல மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள். பக்கத்தில் தண்ணீர்க் குழாய். சுவரில் மாட்டும் பவுடர் அணைப்பான் ஜுவாலையை ஒரு நொடி அமர்த்தும், ஆனால் பேட்டரியின் சூட்டைத் தணிக்காது; மறுபடி பற்றிக்கொள்ளும். நிறையத் தண்ணீர்தான் சூட்டைத் தணிக்கும். லித்தியம் என்றால் தண்ணீரே படக் கூடாது என்ற நம்பிக்கை, இந்த பேட்டரிகளைப் பொறுத்தவரை தவறு. பிறகு ஒரு நோட்டு: பேக் எண், தேதி, சார்ஜ் போடும் முன்னும் பின்னும் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜ், போட்டவர் கையெழுத்து. ஒரு செல் மற்றவற்றிலிருந்து வாராவாரம் விலகிப்போவது அந்த நோட்டில் முன்கூட்டியே தெரிந்துவிடும். மே மாத வெயிலில் பறந்து இறங்கிய பேக், கையில் பிடிக்க முடியாத சூட்டில் இருக்கும். 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் பேக்கில் சார்ஜ் போடக் கூடாது. ஆறும்வரை காத்திருக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் லேப் உதவியாளராக இருக்கட்டும், அவருடைய வேலைப் பட்டியலில் இது எழுதப்பட்டிருக்கட்டும்.

இதே பேக்குகளின் பெரிய அண்ணன்கள் வயல்களுக்கும் வந்துவிட்டார்கள். நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் தருவதாக 2023-இல் மத்திய அரசு அறிவித்தது. ட்ரோனோடு கூடுதல் பேட்டரி செட்டுகளும் வரும். ஒரு செட்டின் ஆற்றல் நம் விமானப் பேக்கைப்போலப் பல மடங்கு. அதை ஓட்டும் பெண்ணுக்கு 15 நாள் பயிற்சி உண்டு. செட்டுகள் சார்ஜ் ஏறப்போவது நெல் மூட்டையும் சேலைப் பெட்டியும் உள்ள வீட்டில் என்றால், அந்தப் பயிற்சியில் பறத்தலுக்குக் கொடுக்கும் மரியாதை சார்ஜுக்கும் கிடைக்க வேண்டும்.

கடைசியாக, உப்பிய பேக்குகள். 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகள் பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் கடமையைத் தயாரிப்பவர் மேலும் இறக்குமதி செய்பவர் மேலும் வைத்திருக்கின்றன. ஆனால் இரண்டாயிரம் ரூபாய் சேர்த்து வாங்கிய பேக் உப்பிவிட்டது என்று ஒத்துக்கொள்ள எந்த மாணவருக்கும் மனம் வராது. இன்னும் ஒரு முறை பறக்கும் என்று அலமாரியில் வைப்பார். ஒரு நாள் அதற்கும் சார்ஜ் போடுவார். சார்ஜ் அறைக்கு வெளியே, கட்டடத்தைத் தொடாத இடத்தில், மூடியுள்ள இரும்புத் தொட்டியில் மணல் நிரப்பி வைக்கட்டும். உப்பிய பேக்கைக் கொண்டுவந்து போடுபவரிடம் விளக்கம் கேட்க வேண்டாம், அபராதமும் வேண்டாம். புதிய பேக்கின் விலையில் பாதியைக் கல்லூரி கொடுக்கட்டும்.