‘ஓகே’ முதல் ‘கிராண்ட்ஃபாதர்’ வரை: அமெரிக்கச் சொற்களின் கதையில் யார் காணாமல் போகிறார்கள்?

ஒரு ஆப்புக்கு மாதச் சந்தா கட்டுகிறீர்கள். கட்டணம் ஏறப்போகிறது என்று மெயில் வருகிறது. கடைசியில் ஒரு வரி: பழைய வாடிக்கையாளர்கள் ‘கிராண்ட்ஃபாதர்டு’. அதாவது, புது விதி வந்தாலும் உங்களுக்குப் பழைய விலைதான். அப்பாடா என்று மெயிலை மூடிவிடுவோம்.

சரி, இதில் தாத்தா எங்கே வந்தார்? பெரியவர்களுக்குத் தரும் மரியாதை மாதிரி ஏதோ ஒன்று என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. ஓட்டுரிமையைப் பறித்த ஒரு சட்டத்திலிருந்து வந்தவர் இந்தத் தாத்தா.

அமெரிக்கச் சொற்கள் பிறந்த கதை என்று ரீல்ஸிலும் வாட்ஸ்அப்பிலும் தினமும் ஏதாவது வருகிறது. அவற்றில் நிறைய கட்டுக்கதை. சும்மா சுவாரஸ்யத்துக்குத்தானே, பொய்யாக இருந்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது என்பதுதான் என் வாதம். மூன்று சொற்களைப் பார்ப்போம்.

‘ஓகே’: ஒரு மொக்கை ஜோக்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு நாள் யாரும் சாகவில்லை என்றால் ‘ஜீரோ கில்டு’ என்று எழுதிவைப்பார்களாம். அதன் சுருக்கம்தான் ஓகேயாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தப் போர் தொடங்கியது 1861-ல். அதற்கு 22 ஆண்டுகள் முன்பே, 1839 மார்ச் 23 அன்று, ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழில் ஓகே அச்சாகிவிட்டது. 

அந்தக் காலத்து பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. சொற்களை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, முதல் எழுத்துகளை மட்டும் போடுவார்கள். ‘ஆல் கரெக்ட்’ என்பதை ‘ஒல் கொரெக்ட்’ ஆக்கியதில் வந்ததுதான் ஓகே. நாம் சாட்டில் அடிக்கும் சுருக்கங்கள் மாதிரிதான். 1840 அதிபர் தேர்தலில், கிண்டர்ஹுக் என்ற ஊரில் பிறந்த மார்ட்டின் வான் பியூரனை ‘ஓல்டு கிண்டர்ஹுக்’ என்று ஆதரவாளர்கள் அழைக்க, ஓகே இன்னும் பரவியது. தேர்தலில் அவர் தோற்றார், சொல் நிலைத்துவிட்டது. பழைய பத்திரிகைகளைப் புரட்டி 1960-களில் இதை நிறுவியவர் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட்.

இந்தப் பொய்யால் யாருக்கும் பெரிய பாதிப்பு இல்லை. அடுத்தது அப்படியல்ல.

‘பிக் ஆப்பிள்’: பெயர் இல்லாத இருவர்

நியூயார்க்கின் பட்டப்பெயர் இது. ஈவ் என்ற பெண் அங்கே நடத்திய பாலியல் விடுதியால் வந்த பெயர் என்று இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது. அதற்கு ஆதாரமே கிடையாது.

1920-களில் இந்தப் பெயரைப் பத்திரிகையில் பரப்பியவர் ஜான் ஜே. ஃபிட்ஸ்ஜெரால்டு, குதிரைப் பந்தய நிருபர். எங்கே கேட்டேன் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். நியூ ஆர்லியன்ஸ் பந்தய மைதானத்தில் குதிரை பராமரிக்கும் இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள் பேசிக்கொண்டதில் கேட்டாராம். அடுத்து எங்கே போகிறீர்கள் என்று ஒருவர் கேட்க, ‘பிக் ஆப்பிள்’ என்று மற்றவர் சொல்லியிருக்கிறார். பெரிய பந்தயங்கள் நடக்கும் நியூயார்க்கைத்தான் அப்படிச் சொன்னார்.

ஃபிட்ஸ்ஜெரால்டு வாழ்ந்த தெருமுனைக்கு 1997-ல் நியூயார்க் நகரம் ‘பிக் ஆப்பிள் கார்னர்’ என்று பெயர் வைத்தது. அந்தத் தொழிலாளர்களின் பெயரை அவர் எழுதிவைக்கவில்லை. ஆதாரமே இல்லாத கதையை நாம் ஷேர் செய்யும்போது, பெயரும் இல்லாத அந்த இருவர் கதையிலிருந்தே காணாமல் போகிறார்கள்.

இது ஒரு சொல்லோடு நிற்கவில்லை. கறுப்பின மக்களின் பேச்சு எப்படி வெள்ளையர்களிடம் போய்ச் சேருகிறது என்று 1962-லேயே வில்லியம் மெல்வின் கெல்லி என்ற கறுப்பின எழுத்தாளர் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் எழுதினார். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே ‘வோக்’ என்ற சொல் இருந்தது. விழிப்போடு இரு என்று அந்த மக்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட சொல், இன்று சோஷியல் மீடியாவில் திட்டுவதற்குப் பயன்படுகிறது.

‘கிராண்ட்ஃபாதர்’: யாருடைய தாத்தா?

இப்போது மெயிலில் வந்த தாத்தாவுக்கு வருவோம். இனத்தைக் காரணம் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்று 1870-ல் அமெரிக்க அரசியலமைப்பு திருத்தப்பட்டது. தென் மாநிலங்கள் சுற்றுவழி தேடின. 1898-ல் லூசியானா ஒரு விதி கொண்டுவந்தது: ஓட்டுப்போட எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது சொத்து இருக்க வேண்டும். 

ஆனால், ஏழை வெள்ளையர்களும் இதில் மாட்டுவார்களே? அதற்கும் ஒரு வழி வைத்தார்கள். 1867 ஜனவரி 1-ல் உங்களுக்கோ, அப்பாவுக்கோ, தாத்தாவுக்கோ ஓட்டுரிமை இருந்திருந்தால் இந்த விதியிலிருந்து விலக்கு. அந்தத் தேதியில் அங்கே கறுப்பின மக்கள் யாருக்கும் ஓட்டுரிமை இல்லை. ‘இனம்’ என்ற சொல்லே இல்லாமல் வேலை முடிந்தது. 1896-ல் லூசியானாவில் 1,30,334 கறுப்பின வாக்காளர்கள் பதிவாகியிருந்தார்கள். இதுபோன்ற விதிகளுக்குப் பிறகு, 1904-ல் மிஞ்சியவர்கள் 1,342 பேர். தாத்தா விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1915 ஆனது.

அப்போ, என்ன செய்வது?

2020-ல் ட்விட்டர் தன் பொறியாளர்களுக்கான சொற்பட்டியலில் ‘கிராண்ட்ஃபாதர்டு’க்குப் பதிலாக ‘லெகசி’ என்று மாற்றியது. அதே ஆண்டு மாசசூசெட்ஸ் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றமும் இந்தச் சொல்லைத் தவிர்ப்பதாகத் தீர்ப்பிலேயே குறிப்பிட்டது. ‘ஒரு சொல்லுக்கு இவ்வளவு சீனா’ என்று சிலருக்குத் தோன்றலாம். சொல்லை மாற்றினால் அநீதி மாறிவிடாது என்பதும் உண்மைதான்.

ஆனால், கதை தெரிந்து ஒரு சொல்லை விடுவது வேறு. கம்பெனி சொன்னது என்று விடுவது வேறு. பட்டியலில் மட்டும் சொல்லை மாற்றினால், அந்த 1,30,334 பேரின் கதையும் சேர்ந்து மறந்துபோகும். எல்லோருக்கும் பொது என்று எழுதப்பட்ட ஒரு விதி யாரை மட்டும் வெளியே தள்ளுகிறது என்று பார்க்க, இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அடுத்த முறை ஒரு சொல்லின் ‘உண்மைக் கதை’ ஃபார்வர்டாக வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்தச் சொல் முதலில் அச்சான தேதி என்ன? அதை முதலில் பேசியவர்கள் யார்? பதில் இல்லையென்றால் ஷேர் செய்யாதீர்கள். கட்டண மாற்ற மெயிலை எழுதுவது நீங்களே என்றால், ‘உங்களுக்குப் பழைய விலையே தொடரும்’ என்று எழுதினால் போதும். எல்லோருக்கும் புரியும்.